இடைவெளி உட்பட

‘வட்டாரத் தேவையை விவரிக்கவும்.
இரண்டாயிரம் எழுத்துகளுக்கு மிகாமல்,
இடைவெளி உட்பட.’

கட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுத்
தேநீர் எடுக்கப் போனேன்.
திரும்பி வந்தால் காரினா லெஹ்தோனன்
என் கதிரையில் இருக்கிறாள்.
அவள் பூட்ஸிலிருந்து பனி உருகித்
தரைவிரிப்பில் ஒரு சிறு ஏரி.
பதினான்கு பக்கம் கொண்டுவந்திருந்தாள்.

தண்டர் பேயில் பெப்ரவரி.
எங்கள் அலுவலகம் நூலகத்தின் அடித்தளத்தில்,
கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு.
பேராசிரியர்கள் ஆசையோடு இறங்கி வருவார்கள்.
அந்த ஆசைக்கு வரவுசெலவு போட்டு
மேலே ஏற்றி அனுப்புவது என் உத்தியோகம்.

போன வருடமும் இதே திட்டம் போனது.
‘முக்கியத்துவம் உள்ளூர் அளவிலானது’
என்று திரும்பி வந்தது.
அந்த வரியை அச்சடித்து
அலுவலகக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.
யாரோ அதன் கீழே பென்சிலால்
‘ஆமாம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இம்முறை பல்கலைக்கழகம் கொஞ்சம் கைகொடுத்தது:
அவளுக்கு ஒரு பாடத்தைக் குறைத்தது,
ஆறாயிரம் டாலர் விதைப்பணம்,
பிழை திருத்த நான்.
குறைந்த பாடத்தின் நேரம் முழுவதையும்
டெல்பர்ட் மொரோவின் டிரக்கில் கழித்தாள்,
பக்கத்து இருக்கையில், மடியில் நோட்டுடன்.

டெல்பர்ட், காகித ஆலையில் முப்பத்தொரு வருடம்.
வீடு நிப்பிகனுக்கும் அப்பால்.
வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க
இருநூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்.
நாலு மணி நேரம் இயந்திரத்தில்.
பிறகு அதே இருநூற்றுப் பதினெட்டு,
தலைசுற்றலோடு, மூஸ்மான் குறுக்கிடும் இருட்டில்.
பஸ் நின்றுபோய் வருடங்களாயிற்று.

‘ஒரு வேன்,’ என்றாள் காரினா.
‘அதில் ஒரு தாதி. அவ்வளவுதான்.
இதைச் சொல்ல எனக்குப் பதினான்கு பக்கம் பிடித்தது.’

வேன் என்று எழுதினால் ஆராய்ச்சி ஆகாது.
‘நடமாடும் பராமரிப்பு மாதிரி’ என்று எழுதினேன்.
முன்னால் ‘புத்தாக்கமான’ என்று சேர்த்தேன்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு வெட்டினோம்.
மூஸ்மான் போனது.
ஆலை மூடிய வருடம் போனது.
அவர் வண்டியை நிறுத்தி வாந்தியெடுக்கும்
பெட்ரோல் நிலையம்,
அங்கே காசு வாங்கும் பெண் இப்போதெல்லாம்
கேட்காமலே நீட்டும் தண்ணீர்ப் போத்தல்...
அந்த வரிக்கு வந்ததும்
யார் அழிப்பது என்று இரண்டு பேரும் இருந்தோம்.
நான்தான் அழித்தேன். சம்பளம் அதற்குத்தானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
‘இடைவெளிக்குமா கணக்கு?’ என்றாள்.
‘ஒவ்வொன்றுக்கும்.’
அவள் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்,
ஊருக்கும் ஊருக்கும் நடுவில்
பெயரே இல்லாத அந்த வெள்ளையை.

ஐந்து மணிக்குக் கெடு.
நாலு பதினேழுக்கு அவள் கைபேசி அடித்தது.
டெல்பர்ட். ஒரேயொரு கேள்வி:
பின் இருக்கைக்கும் ஹீட்டர் வருமா?
இயந்திரத்தை விட்டு இறங்கினால்
உள்ளே ஓடுவதெல்லாம் குளிர்ந்திருக்குமாம்.

யாருக்கும் தோன்றவில்லை.
பதினான்கு பக்கத்திலும் இல்லை.

வரவுசெலவு, ஏழாவது வரிசை.
பின்னிருக்கை ஹீட்டர், ஒன்று.
கடைக்குப் போன் போட்டால் அறுநூற்று நாற்பது என்றார்கள்.
தன் மாநாட்டுப் பயணத்திலிருந்து
காரினாவே வெட்டிக் கொடுத்தாள்.
தேவைக் கட்டத்தில் ‘புத்தாக்கமான’வை எடுத்துவிட்டுச்
‘சூடான’ என்று போட்டேன்.
இடம் மிஞ்சியது. நிரப்பவில்லை.

நாலு ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினோம்.
‘கிடைத்தது’ என்று உடனே பதில்.
படிவம்தான். பணம் அல்ல.

நாளை வெள்ளி, டெல்பர்ட்டின் முறை.
அதிகாலை யார் ஓட்டுவது என்று
காரினா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
அவள் படியேறிப் போன பிறகு பார்த்தேன்:
ஏரி வற்றித்
தரைவிரிப்பில் சாலை உப்பு.